‘ஆவட்டும்’ என்ற சொல்லுக்கு மூன்று பிரதி

மார்ச் 11, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். காற்றே இல்லை. ஏரி எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி. நண்டு வரத்துக் குறைவு, வந்ததிலும் பாதி அழுத்தினால் அமுங்குகிறது. ஐஸ் வண்டி லேட். சென்னைக்குப் போகும் வண்டியும் அதனால் லேட்.

கா. 8 மணிக்கு பீரோ மேலிருந்து ஒரு சத்தம். பீப். நிறுத்தம். பீப். இன்வெர்ட்டர் என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். இல்லை. மகள் கவிதா வாங்கி வைத்த சேமிப்புப் பெட்டி. கொட்டகை கேமரா பிடிப்பது, போனில் எடுப்பது, லைசென்ஸ் நகல், அவள் கல்யாண வீடியோ, எல்லாம் வைஃபை வழியாகப் போய் உட்காரும் இடம். உள்ளே இரண்டு டிஸ்க். பச்சையாக எரிய வேண்டிய விளக்கு ஆரஞ்சு. போனில் தட்டினால் ‘சாதனம் கிடைக்கவில்லை’. எதிரில் நின்று கத்துகிறது, கிடைக்கவில்லையாம்.

பிறகு பார்ப்போம் என்று தராசுக்குப் போனேன். தனபால் மாமா கூடை கொண்டுவந்தார். குப்பத்துத் தலைவர் இந்த வருடமும் அவர்தான், ஆனால் நண்டு பிடித்தால் என்னிடம் வந்துதானே ஆக வேண்டும். ஒரு விலை சொன்னேன். வானத்தைப் பார்த்தார். நண்டைப் பார்த்தார். “ஆவட்டும்” என்றார். கூடை கவிழ்ந்தது. இந்த ஆளிடம் பிடித்ததே இதுதான். அந்தச் சொல்லுக்கு அப்புறம் வாய் திறக்க மாட்டார்.

மா. 4 மணிக்கு கன்னியம்மா. நம் கொட்டகையில் நண்டுக் காலுக்குக் கயிறு கட்டுகிறவள். இன்றைக்குக் கட்டு எதுவும் நிற்கவில்லை, நண்டு அவிழ்த்துக்கொண்டு நடக்கிறது.

“இன்னாடி ஆச்சு உனுக்கு?”

“யக்கா, ஞாயித்துக்கிழமை புதுப் பட்டியலு எழுதறாங்களாம். என் பாடு இல்லியாம்.”

மருமகன் ஒருமுறை கேட்டார், பாடு என்றால் என்ன அத்தை என்று. முகத்துவாரம் பக்கம் இறால் வலை கட்டும் இடம், நாள். யாருக்கு எப்போது என்று குப்பத்தில் முறை வைத்துப் பிரிப்பது. பட்டியலில் பேர் இல்லாதவன் வீட்டில் பத்து வலை இருந்தாலும் மீன் வாங்கித்தான் தின்ன வேண்டும் என்றேன். அவ்வளவுதான் விஷயம். கன்னியம்மா புருஷன் ஏழுமலை போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் செத்தான். மகன் எட்டாவது படிக்கிறான். அவன் வலை கட்டும் வயதுக்கு வரும்வரை கன்னியம்மாவின் தம்பி கட்டட்டும், பாடு இவள் குடும்பத்துக்கே நிற்கட்டும் என்று கூட்டத்தில் முடிவானது. போன வருடம் கட்டினான். இப்போது என்ன சொல்கிறார்கள் என்றால், அப்படி ஒரு பேச்சே இல்லை, ஒரு வருடம் இரக்கப்பட்டு விட்டோம், அவ்வளவுதான் என்று. காரணம் எல்லோருக்கும் தெரியும். தலைவரின் அண்ணன் மகனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை முடிந்துவிட்டது. ஏரிக்குத் திரும்பியிருக்கிறான்.

“யாராவது எழுதி வெச்சாங்களா?”

“எழுதலக்கா. ஆனா உங்க கொட்டாயிலதானே கூட்டம் நடந்திச்சு. அன்னிக்கு மழைன்னு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போதும் கூடுகிற வலைக்கூடம் ஒழுகியதால் அன்று கூட்டம் நம் கொட்டகையில். கேமராவுக்குக் கீழே. இந்தக் கேமராவுக்குக் காதும் உண்டு. பழைய பதிவு அழிந்துவிடும், ஆனால் அதை மட்டும் கவிதா தனியே எடுத்து வைத்தாள். தலைவர் ஐஸ் பெட்டி மூடிமேல் உட்கார்ந்து மூடி உடைந்து உள்ளே போனார். அதைப் போட்டுப் போட்டுச் சிரித்தோம்.

எங்கே இருக்கிறது அது? கத்திக்கொண்டிருக்கிற பெட்டிக்குள்.

கன்னியம்மாவிடம் “கெடைக்கும், போ” என்றேன். கிடைக்குமா என்று தெரியாது.

மார்ச் 12, புதன்

புழுக்கம். தென்காற்று மதியத்துக்கு மேல்.

கவிதாவுக்கு ஏழாம் மாதம், பெங்களூரிலிருந்து வரக்கூடாது. வீடியோ காலில் பிடித்தேன்.

“யம்மா, பெட்டி எங்க வெச்சிருக்க? காட்டு.”

காட்டினேன்.

“யம்மா. அது இன்னாத்துக்கு மீன் பொட்டிக்குள்ள இருக்குது?”

உப்புக் காற்று படக்கூடாதென்று நான்தான் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வயருக்கு மட்டும் ஓட்டை போட்டு, மூடி போட்டேன். இரண்டு கோடை அப்படித்தான். தெர்மாகோல் என்றால் குளிர்ச்சி என்று கைக்குப் பதிந்துவிட்டது. முப்பது வருடத் தொழில். அது குளிர்ச்சி தருவதில்லை, உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். ஐஸ் இருந்தால் ஐஸை. சூடு இருந்தால் சூட்டை. ஊருக்கே இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான். மூடியைத் திறந்ததும் இட்லிப் பானை திறந்த மாதிரி முகத்தில் அடித்தது.

“சரி, வாயால சூடு ஆத்தாத. அணைச்சிட்டு வெளிய எடு.”

ஐஸ் துண்டு இரண்டை கவரில் கட்டி மேலே வைக்கலாமா என்று கேட்டேன். போனிலேயே அடிக்க வந்தாள். வேர்த்துவிடுமாம், தண்ணீர் உள்ளே இறங்கிவிடுமாம். மேஜை விசிறி போதும் என்றாள். போட்டேன்.

இன்று செய்தது:
– தூசி எடுத்தேன். பெட்டியின் குட்டி விசிறியில் துரு, கையால் தள்ளினால்தான் சுற்றுகிறது. ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய்.
– லேன் வயர் முனை பச்சை பிடித்திருந்தது, பித்தளைச் சொம்பு மாதிரி. வேறு வயர்.
– மறுபடி ஆன். சுற்றுகிற சத்தம் வருகிறது. போனில் இன்னும் ‘கிடைக்கவில்லை’.

இதற்குக் காரணம் வேறு. போன வாரம் கேபிள்காரர் வைஃபை பெட்டியை மாற்றிவிட்டுப் போனார். அதனால் சேமிப்புப் பெட்டிக்குப் புது எண் விழுந்திருக்கிறது, போன் பழைய எண்ணில் தேடுகிறது. “வீடு மாறலம்மா, கதவு நம்பர் மாறிடுச்சு, அவ்ளோதான்” என்றாள். வைஃபை பெட்டியின் பட்டியலில் புது எண்ணைப் பார்த்து லேப்டாப்பில் அடித்தேன். திறந்தது.

திறந்ததும் முதல் வரி சிவப்பில். டிஸ்க் 1 செயலிழந்தது. இரண்டாவது வரி மஞ்சள். டிஸ்க் 2 எச்சரிக்கை.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கு, ஒன்று போனாலும் மற்றது இருக்கும், அதுதான் பிரதி என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். இரண்டும் ஒரே மீன் பெட்டியில் ஒரே சூட்டில் வெந்தவை. ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு படகு. இதைப் பிரதி என்று யார் சொன்னது? நான்தான்.

கன்னியம்மா இன்று கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தாள். அது இன்னும் மோசம்.

மார்ச் 13, வியாழன்

வெயில். பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் மீஞ்சூர். ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற ரகம். ஆனால் தொழில் தெரியும்.

“புது டிஸ்க் ஒண்ணு போடுங்கம்மா. செத்தத எடுத்துட்டு இத சொருவுனா, மிச்சம் இருக்கறதுலேர்ந்து தானா எழுதிக்கும். ஒரு நாளு ஆவும்.”

“அந்த ஒரு நாளும் மிச்சம் இருக்கறது விடாம ஓடணும்ல?”

“ஆமா.”

“அதுவே மூச்சு வாங்குதே. நடுவுல அதுவும் போயிட்டா?”

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்ப ரெண்டும் போச்சு.”

ஓட்டைப் படகில் முதலில் சரக்கை இறக்குவோமா, பலகை அடிப்போமா. சரக்கு. அதனால் முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் வேண்டியதை எடுப்பது. பிறகுதான் புது டிஸ்க் சொருகுவது. அவரும் யோசித்துவிட்டு, “நீங்க சொல்றதுதான் சரி, நிறைய பேரு கேக்கறதில்ல” என்றார். விற்றால் போதும் என்று முதலில் இதைச் சொல்லவில்லை, அது வேறு. நானும் வியாபாரிதான், கோபமில்லை.

வாங்கியது: பெட்டிக்கு டிஸ்க் 1, யூ.எஸ்.பி.யில் சொருகும் வெளி டிஸ்க் 2, லேன் வயர் 2, பேனா டிரைவ் 3.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இரண்டு பேர்.

“ஞாயித்துக்கெழம கூட்டத்துல சண்ட வரும்.”

“இன்னா சண்ட? பொம்பள வந்து கேக்கப் போறாளா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர்களுக்கு என்னைத் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள்.

மார்ச் 14, வெள்ளி

அனல். இந்த நாளில்தானா.

கா. 9.40: வெளி டிஸ்க் சொருகியாயிற்று. மொத்தமாக எடுத்தால் நாலு நாள் காட்டுகிறது. அதற்குள் டிஸ்க் 2 தாங்காது. எனவே கூட்டப் பதிவு முதலில். ‘தலைவர்’ என்று தேடினேன். இல்லை. ‘ஐஸ்’. இல்லை. ‘கூட்டம்’. கவிதாவின் கல்யாணக் கூட்டம் வந்தது. அவளுக்குப் போன் செய்தால் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

கா. 11.15: அவளே கூப்பிட்டாள். “இங்கிலீஷ் எழுத்துல வெச்சிருக்கேன்மா. ஐஸ்பாக்ஸ் மாமா.” தலைவர் பேரை இப்படி வைத்தவளைத் திட்ட நேரமில்லை. அடித்தேன். இருக்கிறது. ஒரே ஒரு பதிவு, இருபத்திரண்டு நிமிடம்.

கா. 11.30: நகல் ஓடுகிறது. 38 சதவீதத்தில் நின்றது. ‘படிக்க முடியவில்லை.’

கா. 11.50: மறுபடி. 38.

ப. 12.10: கரண்ட் போனது. இன்வெர்ட்டர் வயரில் இந்தப் பெட்டி இல்லவே இல்லை. பிரிட்ஜ் இருக்கிறது, டி.வி. இருக்கிறது, இது இல்லை.

ப. 1.00: கரண்ட் வந்தது. பெட்டி எழுந்தது, டிஸ்க் 2 பட்டியலிலேயே இல்லை. கையை வைத்துப் பார்த்தேன், வெந்த நண்டு.

கன்னியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

“உட்ருக்கா. எனுக்காவ எவ்ளோ செலவு.”

“உனுக்காவ மட்டும் இல்ல. உன் பாட்டுல வர எறாலு எங்க தராசுக்குதான் வருது. அத்தயும் சேத்துதான் பாக்கறேன்.”

பொய்யில்லை. உண்மையில் பாதி. மீதியை நான் அவளிடம் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை.

பெட்டியை அணைத்தேன். இன்று இனி தொடுவதில்லை. இப்போது தட்டிக்கொண்டே இருந்தால் சாகும். சூடுதான் எதிரி என்றால் குளிர்ந்த நேரத்தில் பார்க்க வேண்டும். கரைவலைக்காரன் காற்றைப் பார்த்துத்தானே இறங்குகிறான். நாளை விடியலில்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு இன்வெர்ட்டர் வயரில் பெட்டியைச் சேர்த்தாயிற்று. டி.வி.யை எடுத்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

பனி. ஏரிப்பக்கம் எதுவும் தெரியவில்லை, படகுக்காரர்கள் குரல் மட்டும்.

5.30க்கு எழுந்து ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்தேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேஜை விசிறி நேராக. கேமராக்களை நிறுத்தினேன், புதிதாக எதுவும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். போன் சேர்ப்பதும் நிறுத்தம். அதற்கு ஒரே வேலை.

5.50 ஆன். டிஸ்க் 2 பட்டியலில் வந்துவிட்டது.

5.56 நகல். 20. 31. 38. நின்றது. கை எடுத்துவிட்டேன், எதையும் தொடவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். 39.

6.20 முழுவதும். உடனே அந்த வெளி டிஸ்க்கிலிருந்து லேப்டாப்புக்கு, லேப்டாப்பிலிருந்து பேனா டிரைவுக்கு. பிறகுதான் பல் தேய்த்தேன்.

கன்னியம்மா வந்ததும் போட்டுப் பார்த்தோம். மழைச் சத்தம். தலைவர் உட்காருகிறார். மூடி உடைகிறது. கால் இரண்டும் மேலே. கன்னியம்மா கூடச் சிரித்துவிட்டாள். அடுத்து நாலு பேர் அவரைத் தூக்குகிறார்கள். பிறகு மெதுவாகப் பேச்சு. யாரோ கேட்கிறார், “ஏழுமல பாடு இன்னா பண்றது?” இன்னொருவர், “அவன் புள்ள தல எடுக்கற வரிக்கும் மச்சான்காரன் கட்டட்டும். பாடு அந்த வூட்டுக்கே நிக்கட்டும். இன்னா தலைவரே?”

தலைவர் ஈர லுங்கியைப் பிழிந்துகொண்டே, “ஆவட்டும். பாக்கலாம்.”

அவ்வளவுதான். அடுத்த பேச்சு கோயில் பந்தலுக்குப் போய்விட்டது.

மூன்று தடவை போட்டோம். கன்னியம்மா முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“பாக்கலாம்னுட்டாரேக்கா.”

“ஆவட்டும்னும் சொன்னாரே.”

“அவுங்க பாக்கலாம்ன்றதத்தான் புடிச்சிப்பாங்க.”

பிடித்துக்கொள்வார்கள்தான். நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் பிடிப்பேன். நாலு நாள் அலைந்து எடுத்த சரக்கு, பாதி அமுங்குகிற நண்டு.

மா. 5 மணிக்குத் தலைவர் வீட்டுக்குப் போய் சொல்லிவிட்டு வந்தேன், பதிவு இருக்கிறது, நாளைக்குப் போடுகிறேன் என்று. ஒளித்து வைத்துக் குத்துவது என் பழக்கமில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான். “நான் வுய்ந்தது கூடவா?”

“முழுசா இருக்குது மாமா.”

வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பதிவை அவர் எழுந்து நின்ற பிறகு தொடங்குகிற மாதிரி குறித்து வைத்தேன். விழுந்தவரைக் காட்டி வாங்கினால் அது பாடு இல்லை, பிச்சை. அதோடு அவர் என் நண்டுக்காரர்.

மார்ச் 16, ஞாயிறு

நல்ல காற்று. வலைக்கூடத்தில் கூட்டம், கா. 10.

பெண்கள் கூட்டத்தில் உட்காருவதில்லை. லேப்டாப் என்னுடையது, அதை இயக்க வேறு ஆள் தெரியாது, எனவே நான் ஓரமாக நிற்கலாம் என்றார்கள். நின்றேன். லேப்டாப் சத்தம் பத்தாது என்று யாரோ கோயில் மைக்செட்டைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதன் கூம்பு ஸ்பீக்கர் குழாயடியைப் பார்த்து இருந்தது. அங்கே குடத்தோடு பெண்கள், அவர்களில் கன்னியம்மா.

போட்டேன். தலைவர் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார், மூடி உடையும் சத்தத்துக்குக் காத்திருந்தார். அது வரவில்லை. ஈர லுங்கியோடு அவர் நிற்கும் இடத்திலிருந்துதான் தொடங்கியது. அப்போது தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தார்.

ஆவட்டும். பாக்கலாம். கூம்பில் குப்பம் முழுக்கக் கேட்டது.

நினைத்த மாதிரியே. தலைவரின் அண்ணன் மகன் எழுந்தான். “பாக்கலாம்னுதானே சொல்லிக்கிறாரு சித்தப்பா? பாத்தாச்சு. முடியாது. அவ்ளோதான்.” நாலு தலை ஆடியது.

நான் பேசக்கூடாது. தெரியும். பேசினேன்.

“மாமா, பதினஞ்சு வருசமா எங்க தராசுல ஆவட்டும்னு சொல்லிக்கிறீங்க. கூடைய கவுத்தப்புறம் ஒரு நாளாவது, நான் பாக்கலாம்னுதான் சொன்னேன்னு நண்ட திரும்பி பொறுக்கினீங்களா?”

யாரோ பின்னால், “கொம்மாள, கேட்டா பாரு” என்றார். சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

“பொறுக்கல” என்றார் தலைவர்.

அண்ணன் மகன், “சித்தப்பா” என்றான்.

“உக்கார்ரா. அடுத்த பட்டியலுல பேர் குடு. நான் ஒரு தபா சொன்னா சொன்னதுதான்.” எழுதுகிறவரைப் பார்த்து, “எய்துப்பா.”

“இன்னா பேர்ல தலைவரே? ஏழுமல சம்சாரம்னா?”

“அவளுக்குப் பேரு இல்லியா? கன்னியம்மானு எய்து.”

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அதுவும் கூம்பில் போய்விட்டது. குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ப. 2 மணிக்கு எழுதிய பட்டியலையும் போட்டோ எடுத்தேன். இனி வாய்ப்பேச்சை நம்பிப் பெட்டியைத் தேடுவதில்லை.

மார்ச் 17, திங்கள்

தென்காற்று. நண்டு பரவாயில்லை.

மிச்சச் சரக்கையும் விடியலில் விடியலில் இறக்குகிறேன். கல்யாண வீடியோ வந்துவிட்டது. லைசென்ஸ் வந்துவிட்டது. பழைய கேமராப் பதிவு போனால் போகட்டும். எல்லாம் வெளியே வந்தபின் புது டிஸ்க் சொருக வேண்டும். டிஸ்க் 2ஐயும் நம்பக்கூடாது, அதற்கும் மாற்று.

இனி:
– பெட்டி கூடத்து அலமாரியில், திறந்த இடத்தில், தரையிலிருந்து உயரமாக. துணி மட்டும் மேலே, அதுவும் அணைத்திருக்கும்போது.
– வெளி டிஸ்க் ஒன்று வீட்டில். மாதத்துக்கு ஒருமுறை, அமாவாசை அன்று நகல். அன்றைக்கு மறக்காது.
– இன்னொன்று கவிதா வீட்டில், வளைகாப்புக்குப் போகும்போது கொடுக்க வேண்டும். ஏரி பொங்கி வீட்டுக்குள் வந்தாலும் பெங்களூருக்கு வராது.
– நகல் எடுத்ததும் ஒரு பதிவையாவது திறந்து பார்ப்பது. திறந்து பார்க்காத பெட்டியை வண்டியில் ஏற்றுவோமா.
– விசிறிக்கு எண்ணெய்.

கூட்டப் பதிவுக்கு மட்டும் தனியாக மூன்று பிரதி. ஒன்று நான். ஒன்று கவிதா. மூன்றாவது பேனா டிரைவ் கன்னியம்மாவிடம். அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாளாம்.

“மீன் பொட்டில வெச்சிடாதடி” என்றேன்.

“நான் இன்னா உன்ன மாரியா” என்றாள். நண்டுக் கட்டு இன்று ஒன்றும் அவிழவில்லை.

கா. 9 மணிக்கு தனபால் மாமா. கூடையை வைத்தார். நேற்றைப் பற்றிப் பேச்சில்லை. பெரிய நண்டு, நல்ல கனம். விலை சொன்னேன். வானத்தைப் பார்த்தார். நண்டைப் பார்த்தார்.

“ஆவ...” என்று தொடங்கி நின்றார். அண்ணாந்து கேமராவைப் பார்த்தார்.

“அது ஓடுதா?”

“ஓடுது மாமா.”

“இன்னும் கொஞ்சம் ஏத்திச் சொல்லு, அப்புறம் சொல்றேன்.”